உடைந்த சில்லருகே ஒரு மாணவி

நியூயார்க் மெட்ரோபொலிட்டன் கலைக்கூடத்தில் 1801ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரெஞ்சு ஓவியம் ஒன்று உள்ளது. உயரம் 161 செ.மீ., அகலம் ஏறத்தாழ 129 செ.மீ. அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணை அவளுடைய மெய்யான அளவிலேயே காட்டப் போதுமான கித்தான். ஏறக்குறைய வெறுமையான ஓர் அறை. வெள்ளை மஸ்லின் உடையணிந்த இளம்பெண் ஒருத்தி மடியில் வரைபலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு கையில் கரிக்கோலுடன் அமர்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு சாளரம். வெளிச்சம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே அவளுடைய பொன்னிறக் கூந்தலின் ஓரங்களும் தோளின் வளைவும் ஒளிர்கின்றன. முகமோ நிழலில் இருக்கிறது. எனினும் அந்நிழல் இருண்ட நிழலன்று. மடியில் உள்ள வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து முகத்தை மெல்ல ஏந்திக்கொள்கிறது. வரைந்து பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். உருவத்துக்குப் பின்னால் விளக்கை வைத்துக்கொண்டு முகத்தைத் தீட்டத் துணிபவர்கள் சிலரே.

சாளரத்தின் கண்ணாடியில் ஒரு சில்லு உடைந்திருக்கிறது. வெளியே, கைப்பிடிச் சுவரோரமாக, ஓர் ஆணும் பெண்ணும் மிகச் சிறிய உருவங்களாக நிற்கிறார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. நம்மைப் பார்க்கிறாள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதைத் தீட்டியவர் யார் என்ற வழக்கைப் பற்றியே பேசுவர். அந்த வழக்கு சுவையானது என்பதில் ஐயமில்லை. நாமும் அதிலிருந்தே தொடங்குவோம். ஆயின் அந்த வழக்கின் நடுவே மறக்கப்பட்ட ஒருத்தி இருக்கிறாள் என்பதே நாம் சொல்ல வந்தது.

படத்தில் இருப்பவர் ஷார்லோத் து வால் தோன்ய என்பவர். 1786இல் பிறந்து 1868இல் மறைந்தவர். படம் தலைமுறை தலைமுறையாக அவருடைய குடும்பத்தாரிடமே இருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. அப்போது அது ழாக் லூயி தாவித் தீட்டியது என்ற பெயருடன் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் ஓவியர், பின்னர் நெப்போலியனின் ஓவியர், செவ்வியல் மீட்சியின் தலைமகன்: அந்தப் பெயருக்கு மேல் ஒரு பெயர் அக்காலத்துப் பிரெஞ்சு ஓவியத்தில் இல்லை. ஐசக் ஃப்ளெட்சர் என்ற அமெரிக்கச் செல்வர் அதை வாங்கி, 1917இல் தம் உயிலின் வழியே மெட்ரோபொலிட்டன் கலைக்கூடத்துக்கு விட்டுச்சென்றார். அதன் பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது அக்கூடத்தின் புகழ்பெற்ற தாவித் ஓவியமாகத் தொங்கியது. அந்நாட்களில் அதைப் புகழ்ந்தோர் எதைப் புகழ்ந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அறிவுக்களை உள்ள, ஆனால் அழகியென்று சொல்லமுடியாத ஒரு பெண்ணை ஈவிரக்கமின்றி உள்ளபடியே தீட்டியிருக்கிறான் மேதை என்ற பொருளில் எழுதியவர்கள் உண்டு. கண்டிப்பு, நேர்மை, ஆண்மை மிக்க கோடு. தாவித்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் எல்லாம் இந்தப் படத்துக்கும் சொல்லப்பட்டன.

1951ஆம் ஆண்டு ஜனவரியில், அக்கூடத்தின் சொந்த இதழிலேயே, சார்ல் ஸ்டெர்லிங் என்ற கலை வரலாற்றறிஞர் இந்தப் படம் தாவித்துடையதன்று என்று எழுதினார். அவர் முன்வைத்த சான்று எளியது, உறுதியானது. 1801ஆம் ஆண்டின் சலோன் கண்காட்சியில் தொங்கிய ஓவியங்களைச் சுவரோடு சுவராகச் சிறிய அளவில் காட்டும் அச்சுப்படம் ஒன்று இருக்கிறது; மோன்சால்தி என்பவரும் தெவீம் என்பவரும் சேர்ந்து செய்தது. அதில், வரையும் இப்பெண்ணின் படத்தை அடையாளம் காணமுடிகிறது. அந்த ஆண்டுச் சலோனிலோ தாவித் கலந்துகொள்ளவில்லை. அவர் அப்போது தம் 'சபினப் பெண்கள்' ஓவியத்தை லூவ்ர் மாளிகையிலேயே தனியாக வைத்து, பார்க்க வருவோரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார். (சலோனுக்கு மக்கள் இலவசமாகப் போய்வந்த காலத்தில் இது ஒரு சலசலப்பை உண்டாக்கிற்று.) ஆக, அச்சுப்படத்தில் ஓவியம் இருக்கிறது, கண்காட்சியில் ஓவியர் இல்லை. வழக்கு முடிந்தது.

அடுத்து, இதைத் தீட்டியவர் யார் என்ற வினா எழுந்தது. ஸ்டெர்லிங் கான்ஸ்தான்ஸ் ஷார்பந்தியே என்ற பெண் ஓவியரின் பெயரை முன்மொழிந்தார். அதே 1801ஆம் ஆண்டுச் சலோனில் ஷார்பந்தியே வைத்த 'மனத்துயர்' என்ற படம் இப்போது ஆமியான் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதிலும் வெள்ளையுடை அணிந்த பெண் ஒருத்தி தனியே அமர்ந்திருக்கிறாள். ஒப்புமை கண்டு கூறிய கருத்து; தவறென்று ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் அவருடைய கட்டுரையின் இறுதிப்பகுதிதான் நம்மை நிறுத்திவைக்கிறது. படம் ஒரு பெண்ணின் கையால் ஆனது என்று கருதத் தொடங்கியதுமே அவருடைய கண்ணுக்கு அதில் குறைகள் தெரியத் தொடங்குகின்றன. இதன் கவித்துவம் ஓவியத்துக்கு உரியது என்பதைவிட இலக்கியத்துக்கு உரியது என்கிறார். கவர்ச்சி வெளிப்படையானது, குறைகள் சாமர்த்தியமாக மறைக்கப்பட்டவை, எல்லாம் சேர்ந்து பெண்மனத்தைக் காட்டுகின்றன என்கிறார்.

அதே கித்தான். அதே வண்ணம். ஓர் அணு கூட மாறவில்லை. நேற்று ஈவிரக்கமற்ற நேர்மையாக இருந்தது இன்று சாமர்த்தியமாக மறைத்த குறையாகிவிட்டது. பெயர்ச்சீட்டை மாற்றியவுடன் பார்வை மாறிவிடுகிறது. இவ்வளவு கூர்மையான அறிஞர், இவ்வளவு திறமையாக ஒரு பொய்ப்பெயரை அகற்றியவர், அந்தப் பெயர் தந்த பழக்கத்தை மட்டும் அகற்றிக்கொள்ளவில்லை. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை என்றும் தோன்றுகிறது. ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டு ஒரு பாடலை மாணவர்முன் வைத்தால் அவர்கள் சொல்வதும், பெயரைச் சொன்னபின் சொல்வதும் வேறுவேறாக இருப்பதைத் தமிழ் வகுப்பறைகளில் நாம் கண்டதுண்டு. மாணவர்கள் மட்டும்தான் அப்படி என்று சொல்வதற்கும் துணிவில்லை. அணிலாடு முன்றிலார், செம்புலப் பெயல்நீரார் என்று, பாடலில் வரும் தொடரையே பாடியவர்க்குப் பெயராகச் சூட்டிய நம் தொகுப்பாளர்கள் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டவர்கள். பெயர் தெரியவில்லையென்றால் பாட்டே பெயர்.

பாரிஸுக்குத் திரும்புவோம். 1996இல் மார்கரெட் ஓப்பன்ஹைமர் என்ற ஆய்வாளர் மூன்றாவது பெயர் ஒன்றை நிறுவினார்: மரி தெனிஸ் வில்லேர். இன்று கலைக்கூடத்தின் பெயர்ச்சீட்டில் இருப்பது இப்பெயரே. வில்லேர் 1774இல் பாரிஸில் லெமுவான் குடும்பத்தில் பிறந்தவர். உடன்பிறந்த பெண்களில் மரி விக்துவார், மரி எலிசபெத் இருவரும் ஓவியம் கற்றவர்களே. 1794இல் கட்டடக்கலை மாணவர் ஒருவரை மணந்தார். திருமணத்துக்குப் பிறகும் தூரிகையை வைத்துவிடவில்லை. தாவித்தின் மாணவரான ஜிரோதேயிடம் பயின்றவர். 1799 முதல் சலோனில் தம் படங்களை வைத்தார். 1802இல் அவர் வைத்த 'இயற்கையிலிருந்து ஒரு பெண்ணின் பயிற்சிப்படம்' இன்று லூவ்ரில் உள்ளது. கறுப்புடை அணிந்த பெண் ஒருத்தி குனிந்து தன் செருப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறாள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு அந்தப் பார்வையின் உறவு புலப்படும். ஏதோ ஒரு வேலையின் நடுவே நாம் குறுக்கிட்டுவிட்டோம். அவள் வேலையை நிறுத்தவுமில்லை, நம்மை வரவேற்கவுமில்லை.

தாவித், ஷார்பந்தியே, வில்லேர். வழக்காடலில் மூன்று பெயர்கள். இவை அனைத்தும் கித்தானுக்கு வெளியே இருந்தவரைப் பற்றிய வழக்கு. கித்தானுக்கு உள்ளே கரிக்கோலோடு இருப்பவளை யாரும் ஓவியராக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நல்ல குடும்பத்துப் பெண், பொழுதுபோக்காக வரைகிறாள், படத்துக்கு அமர்வதற்கு அது ஓர் அழகான நிலை. இப்படித்தான் பார்த்தார்கள். வீணை மீட்டும் பெண்ணைப் படமெடுப்பது போல.

அண்மைக் காலத்தில் ஆன் ஹிகொனெ என்ற கலை வரலாற்றறிஞர் வேறொரு கேள்வியைக் கேட்டார்: இந்த அறை எந்த அறை? வீட்டின் வரவேற்பறையில் கண்ணாடிச் சில்லு உடைந்தால் மறுநாளே மாற்றிவிடுவார்கள். அதையும் படத்தில் தீட்டுவதற்கு எவரும் உடன்படமாட்டார்கள். அவருடைய ஆய்வின் முடிவு, இது லூவ்ர் மாளிகையின் ஓர் அறை, பெண்கள் ஓவியம் பயின்ற இடம் என்பது. ஷார்லோத் ஓவியக் கலையைத் தொழிலாகக் கொள்ளும் நோக்கத்துடன் பயின்ற மாணவி. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ பதினைந்து.

இதன் பொருள் விளங்க, இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். லூவ்ர் அப்போது அருங்காட்சியகமாகவில்லை. அரசர்கள் வெர்சாய்க்குக் குடிபெயர்ந்துவிட்ட பின், அம்மாளிகையின் பகுதிகளில் அரச ஓவியக் கழகமும், அதன் ஓவியர்களுக்கான குடியிருப்புகளும் பட்டறைகளும் இருந்தன. அக்கழகம் ஒரே காலத்தில் நான்கு பெண்களுக்கு மேல் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று வரையறுத்திருந்தது. 1783ஆம் ஆண்டு மே 31 அன்று அதெலாயித் லபீல் கியார், எலிசபெத் விழே லெ ப்ரன் என்ற இருவரும் ஒரே நாளில் சேர்க்கப்பட்டார்கள். அத்துடன் அந்த நான்கும் நிறைந்தது. லபீல் கியாருக்கு ஒரு குழுவாகப் பெண் மாணவியர் இருந்தனர். ஆண் உறுப்பினர்களுக்கு இயல்பாகக் கிடைத்த லூவ்ர் பட்டறையை அவரும் கேட்டார். கிடைக்கவில்லை. காரணம் அவருடைய ஓவியத்தில் இல்லை, மாணவியரில் இருந்தது. இளம்பெண்கள் லூவ்ரின் இருண்ட நடைவழிகளில் போய்வந்தால், அங்கே பயிலும் இளைஞர்களால் ஒழுக்கக்கேடு நேரும் என்றார்கள். தாவித்தே தம் பட்டறையில் மூன்று பெண்களுக்குக் கற்பித்தபோது அரசுக் கட்டட இயக்குநரான தான்ழிவியே பிரபுவின் கண்டனத்துக்கு ஆளானார்; அவர்கள் ஆண் மாணவரிடமிருந்து பிரிக்கப்பட்ட இடத்தில் இருக்கிறார்கள், நற்குடியினர் என்றெல்லாம் விளக்கம் தர நேர்ந்தது. லபீல் கியாருக்கு லூவ்ரில் இடம் கிடைத்தது 1795இல். அதற்குள் அரசரும் இல்லை, அரச ஓவியக் கழகமும் இல்லை.

இடையில் புரட்சி. 1791இல் சலோன் கண்காட்சி கழகத்தினர் அல்லாதார்க்கும் திறந்துவிடப்பட்டது. 1793இல் கழகமே கலைக்கப்பட்டது. அதுவரை வேறு சிறு கண்காட்சிகளில் ஒதுங்கியிருந்த பெண்கள் சலோனுக்குள் வந்தார்கள். புரட்சி பெண்களுக்கு எல்லாக் கதவுகளையும் திறந்தது என்று இதைக் கொண்டு முடிவுகட்டிவிடக்கூடாது. 1795இல் கழகத்துக்கு மாற்றாக உருவான தேசிய நிறுவனத்தில் ஒரு பெண்ணுக்கும் இடமில்லை. நால்வர் என்று இருந்தது எவருமில்லை என்றாயிற்று. அரசின் கலைப்பள்ளி பெண் மாணவியரைச் சேர்த்துக்கொண்டது 1897இல்தான். 1971இல் லிண்டா நோக்லின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மாபெரும் பெண் ஓவியர்கள் ஏன் தோன்றவில்லை என்ற கேள்விக்கு விடையைப் பெண்களின் இயல்பில் தேடாமல் இந்தப் பள்ளிகளின் வாயிலில் தேடியது இதனால்தான். மனித உடலை உயிருள்ள மாதிரியிலிருந்து வரையப் பயிலாதவர்க்கு வரலாற்று ஓவியம் கைகூடாது. வரலாற்று ஓவியம் தீட்டாதவர் பெரிய ஓவியர் அல்லர். பெண்களுக்கு அந்தப் பயிற்சி மறுக்கப்பட்டது. வட்டம் அவ்வளவு கச்சிதமாக மூடியிருந்தது.

ஆக, ஷார்லோத் அமர்ந்திருப்பது ஓர் இடைவெளியில். பழைய தடை விழுந்துவிட்டது. புதிய தடை இன்னும் முழுமையாக எழவில்லை. எந்த மாளிகையில் இளம்பெண்கள் நடமாடலாகாது என்று சொல்லப்பட்டதோ அதே மாளிகையில், துணைக்கு ஒருவரும் இன்றி, ஒரு பதினைந்து வயதுப் பெண் தொழில் கற்கிறாள். உடைந்த கண்ணாடியை மாற்றக்கூட ஆளில்லாத அறைதான். 1800களின் தொடக்க ஆண்டுகளில் நெப்போலியன் ஓவியர்களை லூவ்ரிலிருந்து வெளியேற்றினார். அந்த அறையும் அதோடு போயிற்று.

வில்லேரின் மூத்த சகோதரி மரி விக்துவார் லெமுவானின் படம் ஒன்றும் இதே மெட்ரோபொலிட்டன் கூடத்தில் இருப்பது அழகான தற்செயல். 'ஒரு பெண் ஓவியரின் பட்டறை'. 1789இல் தீட்டப்பட்டு 1796ஆம் ஆண்டுச் சலோனில் வைக்கப்பட்டது. வெள்ளையுடையில் வண்ணத்தட்டோடு ஓர் ஓவியர் நிற்கிறார். அவர்முன் பெரிய கித்தானில் அதீனா தேவியின் சிலைமுன் ஒரு பெண்ணை அழைத்துவரும் பூசாரிணியின் உருவம் பாதி வரையப்பட்டிருக்கிறது. அவர் காலடியில், தாழ்ந்த முக்காலியில், மாணவி ஒருத்தி குனிந்து வரைந்துகொண்டிருக்கிறாள். இந்தப் படத்துக்கும் பெயர்ச்சிக்கல் உண்டு: நிற்பவர் விழே லெ ப்ரன், அமர்ந்திருப்பவர் லெமுவானே என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பெரிய பெயர் ஒன்று கிடைத்தால் அதைப் படத்தில் எங்காவது குடியேற்றிவிடவேண்டும் என்ற ஆவலைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை. லபீல் கியார் 1785இல் தம்மையும் தம் மாணவியர் இருவரையும் சேர்த்துத் தீட்டிய பெரும்படமும் இன்று அதே கூடத்தில்தான் இருக்கிறது. அதில் ஆசிரியர் பட்டும் இறகுத் தொப்பியுமாக வீற்றிருக்கிறார். மாணவியர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

இவ்விரண்டையும் கண்டபின் வில்லேரின் படத்துக்கு வந்தால், அதில் எது இல்லை என்பது தெரிகிறது. ஆசிரியர் இல்லை. மாணவி எவர் காலடியிலும் அமரவில்லை, எவர் தோளுக்குப் பின்னாலும் நிற்கவில்லை. சிலைகள் இல்லை, தேவியர் இல்லை, பட்டில்லை. ஓவியம் என்பது தெய்வத்தின் அருள் என்றோ அரசவையின் அலங்காரம் என்றோ சொல்ல ஒரு பொருளும் அந்த அறையில் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு பலகை, தாள், வெளிச்சம். கற்பவள் தன்னந்தனியே ஒரு கித்தான் முழுவதற்கும் உரியவளாகிறாள். அக்காவின் படத்திலிருந்து தங்கையின் படத்துக்கு வர ஆனது பன்னிரண்டே ஆண்டுகள்.

ஷார்லோத்தின் வாழ்க்கை பின்னர் எவ்வாறு சென்றது? மணம் முடித்தார், ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணத்தைக் கைவிட்டார். அவரை மணந்தவர் தடுத்தார் என்று கதை கட்டுவது எளிது. அதற்கு நம்மிடம் சான்றில்லாதபோது அப்படிச் சொல்லக்கூடாது. அக்காலத்தில் எவரும் தடுக்கத் தேவையுமில்லை. வில்லேரைப் போல மணத்துக்குப் பின்னும் தொடர்ந்தவர்கள், பெரும்பாலும், ஓவியர் குடும்பத்திலோ கலைஞர் வட்டத்திலோ வாழ்க்கைப்பட்டவர்கள். அந்த வட்டத்துக்கு வெளியே, பிரபு குடும்பத்துப் பெண் ஒருத்தி கூலிக்கு உருவப்படம் வரைவது நினைக்கவும் கூடாதது. சாளரத்துக்கு வெளியே நிற்கும் அந்த ஆணையும் பெண்ணையும் காதலின் குறிப்பாகவும், மாணவியின் முன்னால் காத்திருக்கும் வேறு வாழ்க்கையின் குறிப்பாகவும் படிக்கலாம். வில்லேர் அதை அறிந்து தீட்டினாரா, அன்றிச் சாளரத்துக்கு ஓர் ஆழம் வேண்டும் என்று மட்டும் தீட்டினாரா என்று வாதிடலாம். நமக்கென்னவோ, உடைந்த சில்லையும் அந்த இருவரையும் ஒரே சாளரத்தில் வைத்தவர் அறியாமல் வைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை.

இன்னும் ஒன்று. அவள் வரைந்துகொண்டிருக்கும் தாளை நமக்குக் காட்டவில்லை. பலகையின் பின்புறம்தான் நம் பக்கம் இருக்கிறது. அவளுடைய பார்வை தாளிலும் இல்லை, நம்மிடம் இருக்கிறது. வரைபவர், வரையப்படும் பொருளை அளப்பதற்காகக் கண்ணை உயர்த்தும் அந்தக் கணத்தின் பார்வை. அப்படியானால் அவள் வரைவது யாரை? 1801இல் அவளுக்கு எதிரே இருந்தது நாமல்லர். கித்தான்முன் தூரிகையோடு நின்ற, இருபத்தேழு வயதான மரி தெனிஸ் வில்லேர். ஒரே அறையில், ஒருவரையொருவர் பார்த்தபடி, இரண்டு பெண்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தீட்டியது நியூயார்க்கில் இருக்கிறது. மற்றவள் வரைந்த தாள், அப்படியொன்று இருந்திருந்தால், அதில் வில்லேரின் முகம் இருந்திருக்கும்.

வில்லேர் 1821இல் இறந்துபோனார். ஷார்லோத் அதற்குப்பின் நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். தம் எதிரே கித்தானோடு நின்றவர் தாவித் அல்லர் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த ஒருவர் 1868 வரை இருந்தார்.